20 பாகைக் கோணமும் ஒரு முதுகலைப் பட்டமும்

கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளிவரத் தொடங்கியதும், மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பி.எஸ்சி. கணிதம் முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஏறக்குறைய ஒரே பேச்சுதான் நடக்கிறது. அடுத்து எம்.எஸ்சி.யா, பி.எட்.டா என்பதே அது. என்னிடம் படித்து, மதுரைக் கல்லூரி ஒன்றில் பட்டம் முடித்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சென்ற ஆண்டு தொலைபேசியில் இதைத்தான் கேட்டாள்.

"டீச்சர், எம்.எஸ்சி. முடிச்சுட்டு பி.எட். போகவா, இல்ல பி.எட். முடிச்சு ஒரு ஸ்கூல்ல சேந்துட்டு எம்.எஸ்சி.ய கரஸ்ல போட்டுக்கிறவா?"

"வீட்ல என்னம்மா சொல்றாங்க?"

"அப்பா சம்பளம் வர்ற படிப்ப மொதல்ல முடின்றாரு, டீச்சர்."

அந்தத் தகப்பனாரின் கணக்கில் பிழை ஒன்றுமில்லை. பி.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் பட்டதாரி ஆசிரியராக ஆறு முதல் பத்து வரையிலான வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தலாம். தனியார் மெட்ரிக் பள்ளிகள் உடனே எடுத்துக்கொள்ளும். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் சேர்ந்து இருக்க வேண்டும். பி.எட். படிப்பே 2015 முதல் இரண்டு ஆண்டுகளாகிவிட்டதால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒருவர் முதுகலை ஆசிரியர் தகுதியை அடைய மூன்றும் இரண்டும் இரண்டுமாக ஏழு ஆண்டுகள் படித்தாக வேண்டும். பொறியியல் முடித்த அண்டை வீட்டுப் பையன் அதற்குள் மூன்று ஆண்டுச் சம்பளம் வாங்கியிருப்பான் என்பதை எந்த வீட்டிலும் யாராவது ஒருவர் சொல்லிக் காட்டாமல் இருப்பதில்லை.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதம் நடத்துகிறேன். பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்து, பின்னர் முதுகலை ஆசிரியரானவள். இந்தக் கேள்வியை வேலை, சம்பளம், பதவி உயர்வு என்ற மூன்று பக்கங்களிலிருந்தும் எல்லோரும் அலசிவிடுகிறார்கள். படித்த முதுகலைக் கணிதம் வகுப்பறைக்குள் என்ன செய்கிறது என்ற நான்காவது பக்கத்தை மட்டும் யாரும் பேசுவதில்லை. ஆகவே அதையே விரிவாக எழுதலாம் என்று நினைக்கிறேன்.

வடிவியல் வகுப்பில் கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு 60 பாகைக் கோணம் வரையக் கற்றுக்கொடுக்கிறோம். கோண இருசமவெட்டி வரைந்து அதை 30 ஆக்குகிறோம். 90 வருகிறது, 45 வருகிறது, பொறுமை இருந்தால் 15, ஏழரை என்று வெட்டிக்கொண்டே போகலாம். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை, "டீச்சர், 20 பாகை எப்படி வரையிறது?" என்று கேட்கும். பாகைமானியை வைத்து வரை என்றோ, பாடத்தில் இல்லை என்றோ சொல்லிவிட்டு நகர்வதுதான் வழக்கம். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விடை கிடைக்காமல் கிடந்த கேள்வி. 60 பாகையைக் கவராயத்தாலும் கோடு மட்டும் போடும் அளவுகோலாலும் மூன்று சம பங்காக்க முடியாது என்பதைப் பிரான்ஸ் நாட்டின் பியர் வான்ட்செல் 1837-இல்தான் நிறுவினார்.

அந்த நிரூபணத்தின் உறுப்புகள் நம் பாடநூல்களிலேயே சிதறிக் கிடக்கின்றன என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. பதினொன்றாம் வகுப்பில் ஒரு கோணத்தின் மும்மடங்குக்கான கொசைன் வாய்பாடு இருக்கிறது. கோணத்துடைய கொசைனின் முப்படியை நான்கால் பெருக்கி, அதிலிருந்து அந்தக் கொசைனின் மும்மடங்கைக் கழித்தால் மும்மடங்குக் கோணத்தின் கொசைன் வரும். 20 பாகையை அதில் இட்டால் வலப்பக்கம் 60 பாகையின் கொசைனாகிய அரை வந்து நிற்கும். 20 பாகையின் கொசைனை இரட்டித்து எக்ஸ் என்று வைத்துக்கொண்டால், எக்ஸின் முப்படியிலிருந்து மூன்று எக்ஸையும் ஒன்றையும் கழித்தால் பூச்சியம் என்ற எளிய முப்படிச் சமன்பாடு கிடைக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பின் சமன்பாட்டியலில் விகிதமுறு மூலத் தேற்றம் வருகிறது. அதன்படி இந்தச் சமன்பாட்டுக்கு விகிதமுறு மூலம் இருந்தால் அது 1 ஆகவோ -1 ஆகவோதான் இருக்க முடியும். 1-ஐ இட்டால் -3 வருகிறது, -1-ஐ இட்டால் 1 வருகிறது. இரண்டும் பூச்சியமில்லை. ஆகவே விகிதமுறு எண்களை மட்டும் கொண்டு இந்த முப்படியைச் சிறு காரணிகளாக உடைக்கவே முடியாது. இதுவரை எல்லாம் பள்ளிக் கணக்கு.

மிச்சமிருப்பது ஒரே ஒரு கட்டம். கவராயத்தால் ஒவ்வொரு முறை வட்டம் வரைந்து வெட்டும்போதும் நாம் உண்மையில் ஓர் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கிறோம். எனவே அப்படிக் கிடைக்கும் நீளங்கள் எல்லாம் படி 1, 2, 4, 8 என்று இரண்டின் அடுக்குகளாக வரும் கள நீட்டிப்புகளுக்குள்தான் அடங்கும். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் உள்ளேயே செய்துகொள்ளக்கூடிய எண்களின் தொகுதி களம், அதில் புது எண்களைச் சேர்த்து விரிப்பது நீட்டிப்பு. மேலே வந்த மூலத்துக்கோ படி 3. மூன்று இரண்டின் அடுக்கு அல்ல. கேள்வி அங்கே முடிந்துவிடுகிறது. இந்தக் கடைசிக் கட்டத்தைத் தருவது முதுகலையில் வரும் களக் கோட்பாடு. பிள்ளை கேட்ட கேள்விக்கும் எம்.எஸ்சி. பாடத்துக்கும் இடையிலுள்ள தூரம் இவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பில் முழு நிரூபணத்தையும் நடத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "முடியாது என்பதையே நிரூபித்திருக்கிறார்கள், அதற்கு வேண்டிய பாதியை நீ பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கப்போகிறாய்" என்று அந்தப் பிள்ளையிடம் உறுதியோடு சொல்லக்கூடிய ஆசிரியர் வேறு, பாடத்தில் இல்லை என்று சொல்லும் ஆசிரியர் வேறு.

ஆனால் களக் கோட்பாடு படித்துத் தேர்ச்சி பெற்ற முதுகலைப் பட்டதாரிகளில் எத்தனை பேருக்கு இந்தத் தொடர்பு தெரியும் என்று கேட்டுப் பார்த்தால் விடை சற்று வருத்தம் தருவதாகவே இருக்கும். தேற்றமும் நிரூபணமும் மனப்பாடமாகத் தெரியும். அது எந்தக் கேள்விக்கான விடை என்பது தெரியாது. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பள்ளி ஆசிரியர்களுக்காக விரிவுரைகள் நிகழ்த்திய ஃபெலிக்ஸ் கிளைன் என்ற கணித மேதை, 1908-இலேயே இந்த நோய்க்குப் பெயர் வைத்துவிட்டார். மாணவன் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும்போது, பள்ளியில் படித்ததற்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிப் பழையதை மறக்கிறான். பட்டம் பெற்று ஆசிரியனாகத் திரும்பும்போது, பல்கலைக்கழகத்தில் படித்ததற்கும் இங்கே நடத்துவதற்கும் தொடர்பில்லை என்று எண்ணிப் புதியதை மறக்கிறான். இதைத்தான் அவர் இரட்டை முறிவு என்றார். நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகியும், நம் ஊரின் முதுகலை வகுப்புகளைப் பார்த்தால் நேற்று எழுதியது போலவே இருக்கிறது.

மதுரையில் முதுகலைக் கணிதத்துக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நாகமலைக்கு அப்பால் பல்கலை நகரில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. நகருக்குள் 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1889-இன் மதுரைக் கல்லூரி, தெப்பக்குளத்தருகே 1949-இன் தியாகராசர் கல்லூரி, பெண்களுக்கென லேடி டோக், பாத்திமா, அரசு மீனாட்சி கல்லூரிகள் என்று வரிசையாக இருக்கின்றன. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் இருக்கிறது. இத்தனை இடங்களிலிருந்தும் வெளிவருவோரில் கணிசமானோர் பள்ளி ஆசிரியர்களாகத்தான் போகப்போகிறார்கள் என்பது பாடம் நடத்துபவர்களுக்கும் தெரியும், படிப்பவர்களுக்கும் தெரியும். ஆனாலும் முதுகலைப் பாடத்திட்டம் என்பது எதிரே இருக்கும் அத்தனை பேரும் ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் என்ற எண்ணத்திலேயே அமைந்திருக்கிறது. மெய்ப்பகுப்பாய்வு, இயற்கணிதம், இடத்தியல், அளவைக் கோட்பாடு, சார்புப் பகுப்பாய்வு எல்லாம் இருக்கும். இவை வேண்டாம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. இரண்டை வர்க்கமூலம் இரண்டு என்ற அடுக்குக்கு உயர்த்துவது என்றால் என்ன பொருள் என்று ஒரு மாணவி கேட்டால், மெய்ப்பகுப்பாய்வு படிக்காத ஆசிரியர் அடுக்குக்குறி விதிகளைத் திரும்பச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லாமல் நிற்பார். இந்தப் பாடங்களின் அருகே, பள்ளிக் கணிதத்துக்குத் திரும்பிவரும் பாதையைக் காட்டும் ஒரு தாள், ஒரே ஒரு தாள், இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அப்படியானால் எம்.எட். அந்த இடைவெளியை நிரப்புகிறதா என்றால், அதற்கும் நேராக ஆம் என்று சொல்ல முடியவில்லை. முதலில் ஒரு தெளிவு தேவை. எம்.எட். படித்தால் மேல்நிலை வகுப்பு எடுக்கலாம் என்று நினைத்துச் சேர்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதுகலைக் கணித ஆசிரியர் பணிக்குத் தேவை எம்.எஸ்சி.தான். எம்.எட். பயன்படுவது பி.எட். கல்லூரிகளிலும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களிலும் கற்பிக்க விரும்புவோருக்கு. அதன் பாடங்கள் கல்வித் தத்துவம், உளவியல், சமூகவியல், ஆய்வு முறை, ஓர் ஆய்வேடு என்று போகும். ஆய்வேடுகளில் நான் புரட்டிப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. சில நூறு மாணவர்களிடம் கணிதப் பதற்றம் அல்லது கணித ஆர்வம் பற்றிய வினாநிரல் ஒன்றைக் கொடுத்து நிரப்பி வாங்குவார்கள். ஆண் பெண், நகரம் கிராமம், அரசுப் பள்ளி தனியார் பள்ளி என்று பிரித்து, டி சோதனை என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டு, குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கிறது அல்லது இல்லை என்று எழுதி முடிப்பார்கள். அந்த நூற்றுக்கணக்கான மாணவர்களில் ஒருவருடைய கணக்கு நோட்டையாவது திறந்து பார்த்த சுவடு அந்தப் பக்கங்களில் தெரியாது.

நோட்டைத் திறந்தால் என்ன தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தொலைவைக் காணும் கணக்கு. மாணவன் வாய்பாட்டைச் சரியாக எழுதுகிறான், √(9 + 16) வரை சரியாக வந்துவிடுகிறான். அடுத்த வரியில் 3 + 4 = 7 என்று முடிக்கிறான். நாம் சிவப்பு மையால் சுழித்து 5 என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுக்கிறோம். இதே மாணவன் இரண்டு ஆண்டு கழித்து, இரு எண்களின் கூடுதலுக்கு மடக்கை எடுக்கும்போது தனித்தனி மடக்கைகளைக் கூட்டி எழுதுகிறான். இரு கோணங்களின் கூடுதலுக்கு சைன் காணும்போதும் அப்படியே இரண்டாகப் பிரிக்கிறான். மூன்று வகுப்புகளில், மூன்று ஆசிரியர்கள், மூன்று தனித்தனித் தவறுகளாக எண்ணித் திருத்துகிறார்கள். நடந்திருப்பது ஒரே தவறுதான். எந்தச் சார்பும் கூட்டலுக்குள் தடையின்றி நுழைந்து இரண்டு உறுப்புகள் மீதும் தனித்தனியே செயல்படும் என்று அவன் நம்புகிறான். அவன் நம்பிக்கைக்குக் காரணமும் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் 3-ஐப் பெருக்கும்போது அப்படித்தான் நடந்தது, நாம்தான் அதை மாதக்கணக்கில் பழக்கினோம்.

முதுகலையில் நேரியல் இயற்கணிதம் படித்தவருக்கு இந்தப் பண்பின் பெயர் தெரியும். மெய்யெண்கள் மீது தொடர்ச்சியான சார்புகளில் இந்தக் கூட்டற்பண்பு உடையவை, ஒரு மாறிலியால் பெருக்கும் சார்புகள் மட்டுமே என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி நிறுவியிருப்பதும் தெரிந்திருக்கும். அதாவது மாணவன் எதிர்பார்ப்பது மிக அரிதாகக் கிடைக்கும் ஒரு சலுகை. அதை அவனுக்கு எப்படி உணர்த்துவது என்ற கேள்வி எம்.எட். படித்தவருடையது. இரண்டு பேரும் ஒருவருக்குள் இருந்தால்தான் வேலை நடக்கும். ஒரு முறை நான் அந்த 7-ஐத் தவறென்று அடிக்காமல், அது எதன் விடை என்று வகுப்பைக் கேட்டேன். மேல மாசி வீதியில் 300 மீட்டர் நடந்து, முக்கில் திரும்பி வடக்கு மாசி வீதியில் 400 மீட்டர் நடந்தால் மொத்தம் 700 மீட்டர். குறுக்கே பறக்கும் புறாவுக்குத்தான் 500. வீதி வழியே அளப்பதும் நேர்கோட்டில் அளப்பதும் இரண்டு வெவ்வேறு தொலைவுகள் என்பதும், இரண்டுமே தொலைவுக்கு வேண்டிய நிபந்தனைகளை நிறைவு செய்கின்றன என்பதும், தொலைவு என்ற கருத்தையே பொதுமைப்படுத்தும் முதுகலையின் யாப்பு வெளி (மெட்ரிக் ஸ்பேஸ்) பாடத்தில் முதல் வாரத்தில் வருகிற செய்தி. அந்தப் பாடத்தைப் படித்தபோது எனக்கு மாசி வீதி நினைவுக்கு வரவில்லை. வகுப்பெடுக்கத் தொடங்கிய பின்பே வந்தது.

இப்படிப்பட்ட அறிவுக்கு 1986-இல் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் ஒரு தனி இடம் கொடுத்தார். பாடம் தெரிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது ஒன்று, இந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது எங்கே இடறுவார்கள், எந்த உதாரணம் பிடிபடும் என்று தெரிவது மூன்றாவது என்றார் அவர். நம் ஏற்பாட்டில் முதலாவதற்கு எம்.எஸ்சி., இரண்டாவதற்கு பி.எட்.டும் எம்.எட்.டும் இருக்கின்றன. மூன்றாவதற்கு ஆளில்லை. நாடளவில் அந்தத் திசையில் சில முயற்சிகள் உண்டு. மைசூரிலுள்ள மண்டலக் கல்வி நிறுவனத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் ஆறு ஆண்டுகளில் கணிதத்தையும் ஆசிரியர் பயிற்சியையும் ஒன்றாகப் பின்னித் தரும் எம்.எஸ்சி.எட். படிப்பு இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. கணித ஆர்வமுள்ள கல்லூரி மாணவர்களுக்காக 1993 முதல் கணிதப் பேராசிரியர் எஸ். குமரேசன் முன்னின்று நடத்திய கோடைப் பயிற்சி முகாம்களில், விரிவுரை ஆற்றாமல் கேள்வி கேட்டுக் கேட்டே பாடத்தை நகர்த்துவார்கள். அங்கே போய்வந்த மாணவர்கள் கரும்பலகை முன் நிற்கும் விதமே மாறியிருக்கும். அமெரிக்காவில் ஜிம் சைமன்ஸ் என்ற கணித அறிஞர் தான் சம்பாதித்த பணத்தில் 2004-இல் தொடங்கிய அமைப்பு, நியூயார்க் நகரப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் உதவித்தொகை கொடுத்து, அவர்களைச் சேர்ந்து படிக்க வைக்கிறது. நம் ஊரில் அப்படியொரு செல்வந்தர் கோவிலுக்குக் கோபுரம் கட்டுவார், அதுவும் வேண்டியதுதான்.

சரி, தேர்வுக்கு வருவோம். புது நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போனால், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நடுவே முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு முட்டி மோதும் கணிதப் பட்டதாரிகள் சிலரையாவது காணலாம். தேர்வில் 150 வினாக்கள். அவற்றில் 110 பாடத்திலிருந்து, 30 கல்வியியலிலிருந்து, 10 பொது அறிவிலிருந்து. இது போக, தேறியே ஆக வேண்டிய தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. விகிதமுறு எண்களின் களத்தோடு வர்க்கமூலம் 2, வர்க்கமூலம் 3 ஆகிய இரண்டையும் சேர்த்தால் கிடைக்கும் நீட்டிப்பின் படி என்ன என்பது இந்தத் தேர்வுக்குப் படிக்கும் எவரும் பலமுறை போட்டுப் பழகிய வகைக் கேள்வி. விடை 4 என்று இரண்டு நொடியில் குறித்துவிடுவார்கள். இரண்டு வர்க்கமூலங்கள், இரண்டு முறை இருபடி, ஆகவே நான்கு. இது மேலே சொன்ன கவராயக் கதையேதான். 20 பாகையை ஏன் வரைய முடியாது என்பதற்கான சாவி கையிலேயே இருக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தேர்வு அதைக் கேட்பதில்லை, கேட்காததை யாரும் படிப்பதில்லை. பயிற்சி மையங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பணியிடங்கள் எப்போதாவது அறிவிக்கப்படும்போது, ஏழாண்டு படித்துவிட்டுக் காத்திருப்பவரிடம் சாவியின் அழகைப் பற்றிப் பேசுவது சற்று இரக்கமற்ற செயலாகவும் எனக்கே தோன்றுவதுண்டு.

ஏற்கெனவே பணியில் இருப்பவர்களின் நிலை வேறு மாதிரி. முன்பு உயர்கல்வித் தகுதிக்கு ஊக்க ஊதிய உயர்வு உண்டு. அதற்காகவே கணித ஆசிரியர்கள் சிலர் எளிதாக முடியும் என்று வேறு பாடத்தில் தபால் வழி எம்.ஏ. போட்டு வைத்த கதையெல்லாம் ஆசிரியர் அறைகளில் சிரிப்போடு பேசப்படும். அந்த ஊதிய உயர்வு 2020 மார்ச்சில் ரத்தானது. எம்.ஃபில். பட்டத்தையும் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பர் விதிகளில் நிறுத்திவிட்டது. இதனால் பணத்துக்காகப் படிக்கும் கூட்டம் குறைந்தது, அத்தோடு படிக்கும் கூட்டமே குறைந்தது. போதாததற்கு, எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போரில் ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் மீதமுள்ளவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்பு, நாற்பது வயதைக் கடந்த பட்டதாரி ஆசிரியர்கள் கையில் மீண்டும் வினா வங்கிகள் ஏறிவிட்டன. களக் கோட்பாடு படியுங்கள் என்று அவர்களிடம் இப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காகித வேலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரசுப் பணியில் இருப்பவர் சேர்வதற்கு முன்பே துறையின் முன் அனுமதி வாங்கிவிட வேண்டும். பிறகு பின்னேற்புக்கு அலைவது வீண் துன்பம். பட்டம் வந்ததும் உண்மைத்தன்மைச் சான்றுக்கு விண்ணப்பித்து, பணிப்பதிவேட்டில் பதிவு செய்துகொள்ள வேண்டும். தொலைநிலையில் படிப்பதானால், அந்த நிறுவனத்துக்கு அந்தப் படிப்பில் அந்தக் கல்வியாண்டுக்கு மானியக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பார்க்க வேண்டும். தெரிந்தவர் சொன்னார் என்று சேரக்கூடாது.

தொலைநிலையில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கலாமா என்பதற்கு என் கருத்து சற்றுக் கடுமையானது. வேறு வழியில்லாதவர்கள் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் வழி இருக்கிறவர்கள், குறிப்பாக இருபத்தோரு வயதில் பட்டம் முடித்து நிற்கும் பிள்ளைகள், எப்பாடுபட்டாவது இரண்டு ஆண்டு நேரடி வகுப்பில் உட்கார வேண்டும். வரலாற்றையோ இலக்கியத்தையோ தனியே வாசித்து ஓரளவுக்குத் தேறிவிடலாம். கணித நிரூபணத்தில் நாம் எழுதிய மூன்றாவது வரி நான்காவது வரியைத் தருவதில்லை என்பதை எதிரே நிற்கும் ஒருவர் சுட்டிக் காட்டாவிட்டால், நமக்கு அது தெரியவே தெரியாது. கரும்பலகையின் முன் நின்று ஒரு தேற்றத்தை நிறுவி, பாதியில் மாட்டிக்கொண்டு, நண்பர்கள் எடுத்துக்கொடுக்க மீண்டு வருவதுதான் முதுகலையின் பெரும்பகுதிப் பாடம். அதைத் தபாலில் அனுப்ப முடியாது. பி.எட். எங்கும் போய்விடாது, ஓராண்டோ ஈராண்டோ கழித்தும் படிக்கலாம். வேலைக்குப் போன பிறகு எம்.எஸ்சி.க்கு நேரடி வகுப்பு என்பது நடைமுறையில் கனவாகிவிடுகிறது. அதனால்தான் உசிலம்பட்டிப் பெண்ணிடம் எம்.எஸ்சி.யை முதலில் படி என்றேன். தகப்பனாரிடமும் பேசினேன். "நீங்க சொன்னா சரித்தான் டீச்சர், ஆனா வெறும் படிப்பா போயிறக்கூடாது" என்றார். நியாயமான நிபந்தனை.

அந்த நிபந்தனைக்காக அவளுக்குச் சொன்னது ஒரு சின்ன ஏற்பாடு. ஒவ்வொரு தாளுக்கும் தேர்வு நோட்டுக்கு அருகில் இன்னொரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதில் ஒரு தேற்றம் படித்து முடித்ததும், இது பள்ளிப் பாடநூலின் எந்த வரிக்குப் பின்னால் நிற்கிறது என்று தேடி எழுத வேண்டும். கிடைக்காவிட்டால் வெற்றிடம் விட வேண்டும். அத்தோடு 2018, 2019-இல் வந்த புதிய பாடநூல்களின் ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான தொகுப்பை வாங்கி மேசையிலேயே வைத்திருக்கச் சொன்னேன். பழைய பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் இருந்த குலங்கள் புதியதில் இல்லை, ஈருறுப்புச் செயலிகளோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆக, அதற்கு அடுத்த படி என்ன என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல ஆசிரியரிடம்தான் சரக்கு இருக்க வேண்டும். சென்னையில் 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் மாணவர் போட்டி வினாத்தாள்களையும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பள்ளிக் கணிதத்தை வைத்தே எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அவை காட்டும்.

அவள் இப்போது முதல் ஆண்டில் இருக்கிறாள். விருப்பத் தாள் தேர்வு செய்ய வேண்டிய நேரத்தில் மறுபடி அழைத்தாள். மங்கல் கணங்கள் (ஃபஸ்ஸி செட்ஸ்), கோட்டுருவியல் (கிராஃப் தியரி), எண் கோட்பாடு என்று மூன்று இருக்கின்றன, மதிப்பெண் எளிதாக வருவது முதலாவதில் என்று சீனியர்கள் சொல்கிறார்கள் என்றாள். பத்தாம் வகுப்பில் யூக்ளிடின் வகுத்தல் துணைத்தேற்றமும் மட்டு எண்கணிதமும் வந்த பிறகு, ஆசிரியராகப் போகிறவர் எண் கோட்பாட்டை விட்டுவிட்டு வேறொன்றை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதையே சொன்னேன். எண் கோட்பாட்டை எடுக்க வகுப்பில் போதிய பேர் சேராவிட்டால் துறையில் அந்தத் தாளையே நடத்தமாட்டார்களாம். இன்னும் நான்கு பேரைச் சேர்க்க வேண்டும் என்று தோழிகளிடம் பேசிக்கொண்டிருக்கிறாள்.